மூணு கோட்டிங் ஜெட்

சுவரோ கதவோ, மூன்று கோட்டிங் பெயிண்ட் அடித்தால்தான் வேலை முடிந்தது என்று சாதிப்பார் அந்தப் பெயிண்டர். இரண்டு போதுமென்று வீட்டுக்காரர் வாயெடுத்தால் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருவில் அவருக்கு 'மூணு கோட்டிங்' என்றே பெயர் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர், தக்கை போல லேசான பால்சா மரத்தைச் சீவி ஒட்டி, கையால் வீசிப் பறக்கவிடும் ஜெட் விமானம் ஒன்றைச் செய்தார். மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசை அவர் வசம். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இறக்கை அட்டை போல மெல்லிசாக வந்தது. அத்தோடு கை சும்மா இருக்குமா? பளபளவென்று மூன்று கோட்டிங் நீலம் ஏற்றினார்.

மைதானத்தில் வீசினார். ஜெட் செங்கல் மாதிரி விழுந்தது.

"விமானத்துக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா, பெயிண்டுக்கு விமானம் செஞ்சீங்களா?" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்து, வெறும் மரம் தெரியும்வரை நீலத்தைத் தேய்த்துத் தள்ளினார். அதுவரை அவர் முகம் தொங்கிப்போயே இருந்தது.

மறுநாள் ஜெட் கையை விட்டதும் மிதந்தது. கோல் கம்பத்தைத் தாண்டிப் போய்ப் புல்லில் பூப்போல இறங்கியது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டார். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மூணு கோட்டிங், இன்னும் பெயிண்டே அடிக்கலையா?"

பெயிண்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லாப் பாருங்க சார். வேலை முடிஞ்சிடுச்சு."