இறக்கத்துக்கு மட்டும் வழி சொல்பவர்

மஸ்கட்டில் வாதி கபீரைத் தாண்டி ரோடு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் நேசையன் வாயே திறக்க மாட்டார். பிக்கப்பின் கியரை இரண்டுக்கு மாற்றிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். பின்னால் காலித் தண்ணீர் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் அடுத்த வாரம் இதே மலையில் ஓட்டப் பந்தயத்துக்கு வரப்போகும் புது ஆள். ஏற்றம் எவ்வளவு தூரம், எங்கே மூச்சு வாங்கும், எங்கே நடந்தால் மானம் போகாது என்று கேட்டுக்கொண்டே வருவார். "ஏத்தம் தன்னால சொல்லிக் குடுக்கும் சார்" என்று நேசையன் முடித்துக்கொள்வார்.

உச்சியில் கடல் தெரிந்ததும்தான் அவருக்குப் பேச்சு வரும். வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, "இனி நான் சொல்லுதத நல்லா கேளுங்க" என்பார். கால் எட்டைச் சின்னதாக வைக்க வேண்டும். கடலைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கால் தானாக நீளும். இரண்டாவது வளைவில் ரோடு வெளிப்பக்கம் சரிந்திருக்கும், அங்கே உள்ளோரமாக ஒட்டிப் போக வேண்டும். பக்கத்தில் நாலு பேர் பறந்துகொண்டு முந்தினாலும் முந்தட்டும். "நீங்க ஓடுததா நெனப்பிய. ரோடுதான் உங்கள ஓட்டும். விட்டுக் குடுத்துராதீங்க." பிறகு வண்டியை முதல் கியரில் போட்டு, எஞ்சின் அலற அலற, மாட்டு வண்டி வேகத்தில் கீழே இறக்குவார்.

போன வருஷம் அந்தப் புது ஆள் நான். ரூவியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். டாக்டர் என் தொப்பையைப் பார்த்து முகம் சுளித்ததால் ஓட வந்தவன். ஏறுவதே பெரும்பாடு என்றிருப்பவனிடம் இறங்குவதைப் பற்றி இவ்வளவு பேசினால் எரிச்சல் வராதா? இந்த மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

நேசையன் ஐம்பதைக் கடந்தவர். குளச்சல் பக்கம் ஊர். வீட்டில் எல்லாரும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போக, இவருக்கு மட்டும் அலையைக் கண்டால் குமட்டும். மீன் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, மஸ்கட்டில் தண்ணீர் கேன் வண்டி ஓட்ட வந்து சேர்ந்தார். பழைய தொழில் கையை விட்டுப் போகவில்லை. ரூவியில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும், அது யாருடையதாக இருந்தாலும், பின்னால் போய் நின்றுகொண்டு "வரட்டும், வரட்டும்" என்பார். வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் வா என்று அர்த்தம், ஒரு தட்டு என்றால் நில். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர்களுக்கும் இந்தத் தமிழ் புரிகிறது. ஒருமுறை ஓர் அரபிப் பெரியவர் தன் பெரிய காரை இவர் பேச்சை நம்பி ஒரு சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஆள்தான் நேசையன் சொல்லும் வழியில் போவதில்லை. அவர் மனைவி தேவகனி.

தேவகனி நர்ஸ். நாற்பது வயதுக்கு மேல், கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்களோடு சேர்ந்து கடற்கரையில் ஓடத் தொடங்கினார். சமதரையில் நன்றாகவே ஓடினார். நான் வருவதற்கு முந்தைய ஒரு வருஷம் மலைப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தபோது, அந்த ரோட்டில் தினமும் போய் வருகிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்? நேசையனும் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தார். இந்த இடத்தில் மூணாவது கியர், இங்கே ரெண்டு, இந்த வளைவில் ஒன்று என்று ஏற்றம் முழுவதையும் பிரித்துப் பிரித்துச் சொன்னார். உச்சிக்கு அப்புறம் என்ன செய்ய என்று தேவகனி கேட்டதற்கு அவருடைய பதில் ஒரே வார்த்தைதான்: நியூட்ரல்.

கேனை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வரும்போது நேசையன் அப்படித்தான் வருவார். கியரை எடுத்துவிட்டால் வண்டி தானே உருண்டு கடலோரம் போய்ச் சேரும், பெட்ரோலும் மிச்சம். செய்யக் கூடாத வேலைதான். ஆனால் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. அந்த ரோட்டை அவர் ஒரு நாளும் நடந்து இறங்கியதில்லை. அவருக்குத் தெரிந்த இறக்கமெல்லாம் சீட்டில் உட்கார்ந்து பார்த்த இறக்கம்.

பந்தயத்தன்று உச்சியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவரே. தேவகனி மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக மேலே வந்தபோது, "இனி நியூட்ரல்தான், விட்டுரு" என்று கத்தினார். தேவகனியும் விட்டார். கையை விரித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இறங்கியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முடிவுக் கோட்டை நொண்டிக்கொண்டுதான் தாண்டினார். சாயங்காலத்துக்குள் முட்டு வீங்கிவிட்டது. உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் பழைய கால் திரும்பவில்லை. நாளெல்லாம் நிற்க முடியாது என்று வார்டிலிருந்து எடுத்து மருந்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். நோயாளிகளோடு பேசிக்கொண்டே ஊசி போடுகிற அந்த அம்மா இப்போது அட்டைப் பெட்டிகளோடு இருக்கிறார்.

ஒருநாள் கரக் சாயா என்கிற கெட்டிப் பால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நேசையன் தானாகவே இதைச் சொன்னார். டாக்டர் பொம்மை எலும்பை வைத்து விளக்கினாராம். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் ஒவ்வொரு எட்டிலும் முட்டுதான் பிடித்து நிறுத்துகிறதாம். "வண்டிக்கு பிரேக்கு வேற, எஞ்சின் வேற. மனுசனுக்கு ரெண்டும் ஒரே காலுதான் சார். அது எனக்குத் தெரியாமப் போச்சே." டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். சாயா ஆடை கட்டிவிட்டது.

தேவகனி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நேசையனுக்கு அதுதான் தாங்கவில்லை. அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை ஆராதனையில் எல்லாரும் முழங்கால் போடும்போது தேவகனி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நேசையன் மற்றவர்கள் எழுந்த பிறகும் தரையிலேயே இருப்பார். அவர்கள் இருக்கும் பழைய கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நேராக இறங்கினால் முட்டு வலிக்கிறது என்று தேவகனி கம்பியைப் பிடித்துக்கொண்டு படிகளில் பின்பக்கமாகவே இறங்குகிறார். கீழே நிற்கும் நேசையன் வழக்கம்போல ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீங்க சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்பார். கோபமே இல்லாத குரலில் சொல்வார். எனக்கே கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வழி காட்டுகிற மனிதர் தன் வீட்டு மாடிப்படியில் ஊமையாக நிற்பார்.

தேவகனியின் முட்டு போனதிலிருந்து அவர் எந்த இறக்கத்திலும் நியூட்ரல் போடுவதில்லை. பெட்ரோல் எங்கே போகிறது என்று கம்பெனியில் சத்தம் போடுகிறார்கள். இவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இந்த வருஷப் பந்தயத்துக்கு உச்சியில் முதலுதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்ததில் தேவகனி ஒப்புக்கொண்டார். அந்த மலைக்கு மறுபடி வருவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. நான் போன வருஷம் போலவே ஏற்றத்திலேயே கால் பிடித்துக்கொண்டு, உச்சியில் பிக்கப்பில் கேன்களுக்கு நடுவே ஏற்றி உட்கார வைக்கப்பட்டிருந்தேன். கடைசி ஆளும் இறங்கிப் போய்விட்டார். ரோட்டை வண்டிகளுக்கு இன்னும் திறக்கவில்லை. நேசையன் தேவகனிக்காக வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

தேவகனி ஏறவில்லை. ரோட்டின் நடுவே போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஓர் எட்டு பின்னால் வைத்தார். இன்னோர் எட்டு. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் கை காற்றில் தடவியது.

"எபினுக்க அப்பா" என்று கூப்பிட்டார். எபின் ஊரில் படிக்கும் மகன். "எனக்குப் பின்னால தெரியல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நேசையன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடினார். அவரைச் சுற்றிக்கொண்டு கீழே போய், சரிவில் காலை ஊன்றி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். பேர் தெரியாத லாரிக்கெல்லாம் நாள் முழுக்கச் சொல்கிற அந்த "வரட்டும்" வரவில்லை. தேவகனி திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். நேசையன் கையை மடக்கி, தன் தொடையில் சத்தம் கேட்க இரண்டு தட்டு தட்டினார்.