கைக்கு அடங்கிய துவக்கு

ஜெர்மனியில், எசன் நகரில் தனியாக இருக்கிறேன். நாலு பேரோடு பேசலாம் என்று குறிசுடும் கழகத்தில் சேர்ந்தேன். இன்று போனால், எல்லோர் காதிலும் காதுமூடி.

பயிற்சியாளர் மேசையில் மூன்று கைத்துப்பாக்கிகளை வைத்தார். "ஒருவருக்குக் கை கொடுப்பதுபோல் பிடித்துப் பாருங்கள். வசதியானதை எடுங்கள்," என்றார்.

முதலாவதில் விரல் விசைக்கு எட்டவில்லை. இரண்டாவது மணிக்கட்டை இழுத்தது. மூன்றாவது சின்னது, கைக்குள் அடங்கியது. கடைசியாக யாருக்குக் கை கொடுத்தேன் என்றுதான் நினைவில்லை.

அந்தச் சின்னத் துவக்கைப் படமெடுத்து பீலெஃபெல்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். மூன்று மாதமாக அழைக்காதவர் உடனே அழைத்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். உனக்கென்ன விசரே?"

அரை மணித்தியாலம் ஏசினார். கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பெரியதைப் பிடித்துப் படம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்லுறியள்?