குட்டியிடம் மட்டும் திக்காத பேச்சு

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். ககரத்திலோ பகரத்திலோ தொடங்கும் சொல் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும்; மற்ற எழுத்துகளிலும் அவ்வப்போது நிற்கும். எதிரில் நிற்பவர் பொறுமையிழந்து தானாகவே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். அது பெரும்பாலும் தவறான சொல்லாக இருக்கும். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கல்யாணமாகி சோமனூருக்கு வந்தபோது, பிறர் சலித்துக்கொள்ளும் தறிச் சத்தம் எனக்கு வசதியாகிப் போனது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கு ஆறு விசைத்தறிகள். அவை ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது; எல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் காட்ட வேண்டும், மோட்டாரை நிறுத்த உள்ளங்கை. பதினேழு வருடங்கள் அப்படியே ஓட்டிவிட்டேன். வெளியில் பேச வேண்டியதையெல்லாம் கணவர் பேசினார். போன் அடித்தால் மகள் எடுப்பாள்.

அந்த மகள்தான் ஒரு மாலையில் பள்ளிப் பையோடு ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவிநாசிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தோழி கொடுத்ததாம். செவலை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. பெண் குட்டி. மகள் நோட்டில் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் எழுதி வைத்தாள். ஒன்றும் முடிவாவதற்குள் நாங்கள் எல்லோரும் குட்டி, குட்டி என்றே கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

பகலெல்லாம் அவள் என்னோடுதான் இருந்தாள். நான் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். நூல் கோன் ஒன்றைக் கவ்விக்கொண்டு வாசல்வரை ஓடி, நூல் கால்களில் சுற்றிக்கொண்டதும் என்னைப் பார்த்து நிற்பாள். மின்சாரம் நின்று கொட்டகை அமைதியாகும் நேரங்களில் அவளிடம் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்றெல்லாம் நினைவில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது, மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது, இப்படித்தான் இருக்கும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

ஒருநாள் கணவர் கொட்டகை வாசலில் நூல் மூட்டையோடு நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மிணி, அதுகிட்டப் பேசறப்ப உனக்கு ஒரு எடத்துலயும் நிக்கலியே."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்று முழுக்க குட்டி, கோன், பருப்பு, பூட்டு என்று அவளிடம் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். எதிலும் வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

வந்த வாரத்திலேயே அவளுக்கு முதல் ஊசி போட்டிருந்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட வேண்டும், வருவதற்கு முன் போன் செய்துவிட்டு வாருங்கள் என்று கருமத்தம்பட்டி டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் கணவர் தறிக்குப் புதுப் பாவு நூல் வாங்க அலைந்துகொண்டிருந்தார். மகளுக்குத் தேர்வு. போன் செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மறுமுனையில் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று நாள் தள்ளிப்போனது. குட்டி நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருந்ததால் பிறகு யாருக்குமே நினைவு வரவில்லை.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஒரு காலை எழுந்து வரவில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நான்கு முறை வாந்தி. சாயங்காலம் ரத்தமாகப் போனது. டாக்டர் பார்த்ததுமே, நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ நோய் என்றார். இரண்டாவது ஊசி போட்டீர்களா என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் திக்குவாய் இல்லை.

நான்கு நாட்கள் அவளுக்கு டிரிப் ஏற்றினார்கள். தினமும் காலையில் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் மாட்டோடும் ஆட்டோடும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். டாக்டர்தான் சொன்னார்.

"பேசுங்கம்மா. கண்ண மூடியிருந்தாலும் அதுக்குக் காது கேக்குமுங்க."

பேசினேன். பத்துப் பேர் கேட்க, ஒரு சொல்லும் தடைபடாமல் பேசினேன். அவள் வாலின் நுனி மட்டும் அசைந்தது. நான்காம் நாள் எழுந்து நின்று இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். கணவர் அதைப் போனில் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் என் மடியில் தலை வைத்திருந்தபடியே மூச்சு அடங்கிவிட்டது. என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை அவள்.

கொட்டகைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். குழி தோண்டும்போது கணவர் உள்ளே போய் ஆறு தறிகளையும் நிறுத்தினார். தறி ஓட்டுபவர்கள் வெளியே வந்து கைகட்டி நின்றார்கள். மகள் அழுதாள். நான் அழவில்லை. அந்த இரண்டு ஹலோக்கள்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கழித்து, வீட்டைக் கழுவ பிளீச்சிங் பவுடர் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்கப் போனபோது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். வீதியில் ஊசி போடாத குட்டிகள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டார். எதிர் நூல் குடோனில் ஒரு தெருநாய் நான்கு குட்டி போட்டிருந்தது. அதைத் தவிர ஏறக்குறைய வீட்டுக்கு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் ஐஸ் பெட்டியில் மருந்து எடுத்துக்கொண்டு நானே வருகிறேன் என்றார்.

வீடு திரும்பும் வழியில், வீதியில் தான் சொல்லிவிடுவதாகக் கணவர் சொன்னார். வண்டியின் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினேன்.

"நானே போறனுங்க," என்றேன்.

முதல் வீட்டில் அந்த அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றார். நான் குட்டி என்று தொடங்கினேன். "கு... கு..." என்று அங்கேயே நின்றுவிட்டது.

"கொடமா வேணும்? எடுத்துக்குங்க."

வழக்கம்போலத் தலையாட்டியிருந்தால் ஒரு குடத்தோடு வீட்டுக்கு வந்திருப்பேன். இல்லை என்று கையைக் காட்டினேன். காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். குட்டி என்ற சொல் கடைசியில் வந்தது. அதன் பின்னால் மற்றதெல்லாம் விட்டு விட்டு வந்து சேர்ந்தது. அந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து முழுக்கக் கேட்டார். உங்க குட்டி செத்ததுக்கு நானும் ஒரு பொழுது சாப்பிடலிங்க என்றார்.

எல்லா வீடும் அப்படி இல்லை. ஒரு பையனும் பெண்ணும் என்னைப் போலவே திக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். மூலை வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

"நாட்டு நாய்க்கு எதுக்குங்க ஊசி? அதெல்லாந் தாங்குமுங்க."

"எங்க குட்டியும் நா... நாட்டு நாய்தானுங்க. தா... தாங்கலீங்க," என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டு சாயங்காலங்களில் நாற்பது வீடு ஏறி இறங்கினேன். பதினேழு வருடங்களில் பேசியதைவிட அதிகமாக அந்த இரண்டு நாளில் பேசியிருப்பேன். ராத்திரி தாடை வலித்தது.

ஞாயிறன்று வீதியில் எந்தத் தறியும் ஓடவில்லை. நாய்கள் கயிற்றிலும் சங்கிலியிலும் சைக்கிள் கூடையிலும் வந்தன. குடோன் தாய்நாயைப் பிடிக்க என் சென்னிமலைப் போர்வை ஒன்றைக் கொடுத்தேன். அது போர்வையோடு இரண்டு சுற்று ஓடி, கடைசியில் என் கணவரின் காலடியில் வந்து விழுந்தது. வீதியே சிரித்தது. அன்றைக்கு முப்பத்தொரு நாய்களுக்கு ஊசி போட்டார் டாக்டர். அட்டையில் நாளும் வீடும் எழுதியது மகள். செத்துப்போனதை நினைத்து இனி அழக்கூடாது என்று முடிவு செய்தவள் போல அன்று முழுக்க உட்காராமல் திரிந்தாள்.

இரண்டாவது ஊசிக்கான மூன்று வாரம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, கொட்டகையில் தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஹலோ என்றார். மூன்றாம் ஹலோவில் என் சொல் வெளியே வந்தது. யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரியுதுங்கம்மா, மெதுவாச் சொல்லுங்க என்றார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் நோய் மறுபடியும் பரவியது. எங்கள் வீதியில் ஒரே ஒரு குட்டி படுத்தது. உறவுக்கார வீட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது. முதல் வாந்தியிலேயே அந்த வீட்டுக்காரர் என் வாசலுக்கு ஓடி வந்தார். அன்றைக்கே டிரிப் ஏற்றி அது பிழைத்துக்கொண்டது. ஊசி போட்ட முப்பத்தொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒன்றுகூட.

அதைக் கேள்விப்பட்டு ரயில் பாதைக்கு அந்தப்பக்கத்துத் தறிக்காரர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அரசமரத்து மேடையில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். குட்டி வந்ததிலிருந்து, நான் போனை வைத்தது, அவள் போனது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எத்தனை இடத்தில் நின்றேன் என்று எண்ணவில்லை. நின்ற இடத்திலெல்லாம் அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அங்கே வேப்பமர நிழலில் டாக்டர் பெட்டியைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. முதல் நாயைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அ... அடுத்தது யாருங்க? வாங்க," என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். வரிசை நகர்ந்தது.