பின்கோடுக்குப் பின்னால் வரும் வரி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன். குளியல், முந்தைய நாள் துவைத்த இரண்டு சட்டைகளை மடித்தல், ஒரு டம்ளர் கேப்பைக் கூழ். 5.40க்குத் தண்ணீர் கேன் போடுபவர் போன் செய்து எந்தக் கட்டடம் என்று கேட்டார். ஷார்ஜாவுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள், இந்தக் கட்டடத்தில் பதினொன்று. அதற்கு ஓர் எண் உண்டு. அதைச் சொல்லி யாரும் இதுவரை வந்து சேர்ந்ததில்லை. பேக்கரிக்குப் பின்னால், மூன்றாம் மாடி என்றேன். நான்கு நிமிடத்தில் கதவைத் தட்டினார்.

ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ அலுவலகத்தில் எனக்கு வேலை. இத்தனை நாள் பெட்டி தூக்கினேன். இனித் தூக்கினால் முதுகு போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முகவரிச் சீட்டு அச்சிடும் மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் மரிசெல் கொடுக்கும் பயிற்சியை முடித்தால் அந்த நாற்காலி எனக்கு. முடிக்காவிட்டால் வேறு கிளையிலிருந்து ஆள் வருவார். நான் ஊருக்கு, திண்டிவனம் பஸ்ஸுக்கு, மூட்டை கட்ட வேண்டியதுதான். கெடு, அன்று மாலை ஏழு மணி.

பயிற்சி எளிது. நாற்பது முகவரிகள், ஒவ்வொன்றும் ஒரு நீளமான எழுத்துச் சரம். பைத்தான் என்னும் கணினி மொழியில் அதைக் காற்புள்ளிதோறும் வெட்டி, ஊர்ப் பெயரை மட்டும் எடுக்க வேண்டும். பின்கோடு கடைசித் துண்டு, ஊர் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் இருபத்து மூன்று தவறு. நம் ஆட்கள் பின்கோடோடு நிறுத்துவதில்லை. அதற்கப்புறம்தான் வழியே சொல்வார்கள்: மசூதி எதிரில், டீக்கடைச் சந்து, கொய்யா மரத்து வீடு. ஒழுங்கில்லாததைப் பார்த்தால் கை சும்மா இருக்காது எனக்கு. நாற்பது முகவரிகளையும் நானே திருத்தித் தட்டச்சு செய்தேன். எல்லாம் சரியாக வந்தது. மூன்று மணிக்கு மரிசெல் வேறு நாற்பது முகவரிகளைக் கொடுத்து ஓட்டினார். பின்கோடுக்குப் பின்னால் இரண்டு அடையாளம் எழுதியிருந்த பொம்மையார்பாளையத்துப் பெட்டி ஒன்றுக்கு ஊர்: நீலத் தொட்டி வீடு.

எதிரில், பெட்டி கட்டும் மேசையில் ஜபருல்லா பாய், கோட்டக்குப்பத்துக்காரர். எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, நம்ம பக்கத்துல புதுசா ஒரு ஊரு கண்டுபுடிச்சிக்கீறே? பஸ் போவுதா அங்க?"

"சும்மா இரு பாய். பேஜாரு பண்ணாத."

மரிசெல் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இருவருக்கும் அது இரவல். இதில் முகவரி எது என்று கேட்டார். முழுவதும் முகவரி என்றேன். கேள்வி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பக் கேட்டார். நானும் மெதுவாக அதையே சொன்னேன். பின்கோடுக்குப் பின்னால் வருவது குப்பை, அழித்துவிடுங்கள் என்றார்.

அழித்திருந்தால் மூன்றரை மணிக்கே நாற்காலி கிடைத்திருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு கார்கோவில் அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி அனுப்பினேன். 'ரைஸ் மில் எதிரில்' என்று கடைசியில் எழுதியிருந்தேன். சீட்டில் அது இல்லை. எங்கள் ஊர் கிளியனூரில் அப்பாவின் பெயரில் ஐந்து பேர். திண்டிவனம் கிடங்கில் பெட்டி பதினேழு நாள் கிடந்தது; டைரியில் இருக்கிறது. அந்தப் பதினேழு நாளும் நான் போனில் எதைக் கேட்டாலும் அப்பா "ம்" என்றார். பெட்டி வந்த அன்று, "எதுக்குடா இப்படிக் கத்துற?" என்றார்.

ஐந்தரைக்குத் திரும்ப உட்கார்ந்தேன். இந்த முறை முகவரிகளைத் தொடவில்லை. பின்கோடுக்கு முன் சிலர் சிறு கோடு போட்ட இடங்களையெல்லாம் காற்புள்ளியாக மாற்றும்படி கணினிக்குச் சொன்னேன். பிறகு வெட்டு. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் உள்ள வெற்றிடத்தை நீக்கு. ஆறு இலக்கம் மட்டுமே உள்ள துண்டு எங்கே இருந்தாலும் தேடிப் பிடி; அதற்கு முந்தையது ஊர். பிந்தையதை அழிக்காமல், சீட்டின் அடியில் 'டிரைவருக்கு' என்று ஒரு வரியாக இறக்கு. ஆறு இலக்கமே இல்லையென்றால் ஊரை வெறுமையாக விட்டு, முழு முகவரியையும் அதே வரிக்குக் கொடு. மொத்தம் பத்தொன்பது வரிகள்.

6.50க்கு மரிசெல் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே ஓட்டினார். நாற்பதும் சரி. அடிவரியைத் தொட்டு, இது எதற்கு என்றார். அவர் இங்கே வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கும்போது என்ன சொல்வார் என்று கேட்டேன். பெட்ரோல் பங்குக்கு எதிரில், என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இருக்கட்டும். நாளையிலிருந்து மேசை உங்களுக்கு."

பாய் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சேர்ல குந்திக்கினு எங்களை மறந்துடாதண்ணே."

மறுநாள் புதன், 7.35க்கு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து உட்கார்ந்தேன். முதல் வேலையாக ஊரிலும் இங்கேயுமாக என் இரண்டு முகவரிகளையும் கொடுத்து ஓட்டினேன். முதலாவதற்கு ஊர்: கிளியனூர். டிரைவருக்கு: ரைஸ் மில் எதிரில். இரண்டாவதற்கு, இந்த நாட்டில் பின்கோடு கிடையாது என்பதால், ஊர் இருக்க வேண்டிய இடத்தில், வெறுமைக்கு அடையாளமாகக் கணினி போடும் இரண்டு மேற்கோள் குறிகள் மட்டும் நின்றன, நடுவில் ஒன்றுமில்லாமல். அதன் அடியில் டிரைவருக்கு: பேக்கரிக்குப் பின்னால், மூன்றாம் மாடி.