பாம்பன் நீரிணையும் சாம்பசிவனின் நிலாவும்

தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் நடத்திய சாம்பசிவனுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. கடலை அவர் பார்த்தது மெரினாவில் மட்டும்தான், அதுவும் சுண்டல் சாப்பிடப் போனபோது. ஆனாலும் பாம்பன் நீரிணையில் தண்ணீர் ஏன் அப்படிப் பாய்கிறது என்று கேட்டால், "நிலா இழுக்கிறது" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்தார். பிள்ளைகளும் அப்படியே எழுதி முழு மார்க் வாங்கிப் போனார்கள்.

எண்பத்தொன்பதில் பள்ளிக் கண்காட்சிக்கு அவர் பாம்பன் மாடல் செய்துகொண்டிருந்தபோது பியூன் சவுரிமுத்து எட்டிப் பார்த்தார். பாம்பனில் பிறந்து, சின்ன வயதிலேயே அனகாபுத்தூருக்கு வந்துவிட்டவர்.

"அங்க காத்துதான் சார் தள்ளுது. ஆடில தெக்கருந்து வடக்க ஓடும், கார்த்திகைல அப்டியே திரும்பிக்கும். எங்கப்பாரு அங்க வலை போட்டவரு சார்."

சாம்பசிவன் ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "நீ போய் மணி அடிப்பா. பூகோளத்த நான் பாத்துக்கறேன்."

இரண்டு தகரத் தட்டு, நடுவே ஒடுக்கமான ஒரு வழி, மேலே நிலாவுக்குப் பதில் ஒரு பல்பு. பல்பை எப்படி ஆட்டினாலும் தண்ணீர் அசையவில்லை. ஆகவே ஒரு தட்டில் நூல் கட்டி, யாரும் கவனிக்காதபோது லேசாகத் தூக்குவதாக ஏற்பாடு. மேதைகளுக்கும் இப்படிச் சில்லறை உதவி தேவைப்படத்தான் செய்கிறது.

கண்காட்சியன்று கல்வி அதிகாரி வந்து எதிரே நின்றார். நூல் அறுந்தது. சாம்பசிவனுக்கு வேர்த்துக் கொட்டியதைப் பார்த்துப் பாவப்பட்ட சவுரிமுத்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். காற்று தண்ணீர்மேல் வீசியது. ஓட்டம் தெரிவதற்காகத் தூவியிருந்த மரத்தூள் நடு வழியின் பக்கமாக ஒதுங்க, அந்தப் பக்கம் மட்டம் ஏறி, தண்ணீர் ஒடுக்கமான வழியில் விறுவிறுவென்று அடுத்த தட்டுக்கு ஓடியது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "பிரமாதம் சார்! காத்து ஒரு பக்கம் தண்ணியச் சேக்குது, அந்த மட்ட வித்தியாசம் நடுவுல தள்ளுது. மாவட்டக் கண்காட்சிக்கு உங்க பேர எழுதிடறேன்."

"தேங்க்யூ சார்" என்றது சாம்பசிவனின் வாய், அவரைக் கேட்காமலே.

"இன்னும் வேர்க்குதா சார்? ஃபேன இப்டித் திருப்பட்டா?" என்றார் சவுரிமுத்து. குரலில் குத்தல் துளியும் இல்லை. சாம்பசிவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், சவுரிமுத்துன்னு எழுதுங்க. காத்துன்னு சொன்னது அவர்தான். நான் சிரிச்சேன்."

அதிகாரி பேனாவோடு நிமிர்ந்தார். "அப்போ இத்தன வருஷமா நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

சாம்பசிவன் பல்பை அணைத்தார்.

"நிலா, சார்."