குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு

சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற டவுன் பஸ்ஸில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கண்டுபிடிக்கப் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சீட்டில் உட்காருவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் முதலில் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவார்கள். தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. மேலே ரெக்சின் காய்ந்துதான் இருக்கும், உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு அருவித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். குளித்துவிட்டுத் துவட்டாமல்கூட ஏறி, சொட்டச் சொட்ட உட்கார்ந்து வருகிறவர்கள் தென்காசியில் ஜோராக இறங்கிப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீர் அடுத்து ஏறுகிறவர்களுக்கு. எனக்கு இந்த விஷயத்தில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என் அண்ணனும் உள்ளூர்க்காரன்தான். ஆனால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறவனுக்குப் பஸ்ஸில் என்ன வேலை? விடியுமுன் ஏலம், அப்புறம் டெம்போவில் லோடு, மிச்ச நேரத்துக்கு பைக். தக்காளியை அமுக்கிப் பார்த்து எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். சீட்டை அமுக்கிப் பார்க்கத் தெரியாது.

அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் ஒரே கவலை. இப்போதெல்லாம் பெண் வீட்டில் முதல் கேள்வியே கவர்ன்மென்ட் வேலையா என்பதுதான். போலீஸ், மிலிட்டரி என்றால்கூட முகம் மலரும். கத்தரிக்காய், முருங்கைக்காய் என்றால் காபியோடு சரி. "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது. தங்கச்சி எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில் குடித்தனம் பண்ணுகிறேன். அண்ணன் இன்னும் தனி ஆள். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷப்படுவதா பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

பெண் பார்க்கப் போவதைவிடப் பார்த்துவிட்டு வருவதுதான் பெரிய பாடு. கார் பிடித்து, பூவும் பழமுமாகப் போனால் தெருவே வாசலில் நிற்கும். திரும்பி வரும்போதும் நிற்கும். "என்னாச்சு, முடிஞ்சுதா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். போன தடவை பதில் சொல்லிக் களைத்துப்போன அண்ணன், "இனிமே பொண்ணு பாக்கவே போகாண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். எனவே செங்கோட்டையிலிருந்து இந்த வரன் வந்தபோது அம்மா ஒரு யோசனை கண்டுபிடித்தாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் பஸ்ஸில் போவோம். யாராவது கேட்டால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுவோம். அதற்காகவே ஒரு பையில் துண்டுகள், சோப்பு டப்பா, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்தாள். துண்டின் ஒரு முனை பைக்கு வெளியே தொங்குகிறதா என்று வேறு இரண்டு முறை சரிபார்த்தாள்.

வாசலில் இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எங்கன கிளம்பிட்டிய எல்லாரும்?"

"சாரல் நல்லா அடிக்குதாம்லா, அருவிக்குக் குளிக்கப் போறோம்."

"பட்டுச் சேலையிலயா?"

அம்மா குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு, "கட்டாம வச்சிருந்தா பட்டு இத்துப் போயிரும்லா" என்றாள். பிறகு பஸ் ஸ்டாப் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தென்காசியில் இறங்கிச் செங்கோட்டை பஸ்ஸுக்கு மாறினோம். குற்றாலத்திலிருந்து வந்த பஸ், ஈரத் தலைகளை இறக்கிவிட்டு அப்படியே திரும்பப் போகிறது. அண்ணன் புது வேட்டியின் மடிப்பு கலையாமல் பாய்ந்து ஏறி, ஜன்னலோர சீட் ஒன்றைப் பிடித்துவிட்டான். பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

"ஏலே, அமுக்கிப் பாத்து உக்காரு!"

"எல்லாம் எனக்குத் தெரியும், சும்மா வாம்மா" என்றபடி உட்கார்ந்தான்.

நானும் அம்மாவும் பின் சீட்டை அமுக்கிப் பார்த்து, தண்ணீர் வராததால் உட்கார்ந்தோம். மேலகரம் தாண்டும்போது அண்ணனின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடி, மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பயப்படுகிறான் என்று நினைத்தேன். மார்க்கெட்டில் அந்தக் கத்துக் கத்துகிறவன் பெண் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுவான், அந்தப் பயம்தான் என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன். குற்றாலத்தில் ஒரு கூட்டம் ஏறியபோதும், வல்லத்தில் பாதி இறங்கியபோதும் அவன் அசையவே இல்லை.

செங்கோட்டையில் இறங்கி நடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேட்டியின் பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புது வெள்ளை வேட்டி நனைந்தால் எதையும் மறைக்காது. உள்ளே போட்டிருந்த பச்சைக் கோடு போட்ட டவுசரின் கோடுகளை எண்ணலாம்.

"எப்பலே நனைஞ்சுது?"

"உக்காந்த உடனேதான்."

"அப்பவே எந்திச்சிருக்கலாம்லா, அறிவுகெட்டவனே!"

"எந்திச்சா நீ சொல்லிக் காட்டுவ" என்றான். முப்பத்தைந்து வயது மனிதன் சொன்ன பதில் இது. அம்மா சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் செங்கோட்டை வரை தண்ணீரில் ஊறிக்கொண்டே வந்திருக்கிறான். மாற்றுத் துணிப் பையைத் திறந்து பார்த்தோம். அம்மா யோசனையாக எடுத்து வைத்தது ஒரு கட்டம் போட்ட கைலி. கைலி கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போக முடியாது. நானும் அம்மாவும் அவனுக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டி, திரை கட்டியது போல நடந்து அந்த வீட்டுக்குள் போனோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் தொப்பென்று உட்கார்ந்தான். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், ஆனால் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்.

"மாப்பிள்ள, வாங்க, கை கழுவலாம்."

"இருக்கட்டும் மாமா."

"பின்னால தென்ன வச்சிருக்கேன், வந்து பாருங்க."

"இருக்கட்டும் மாமா."

"அந்தச் சேர்ல காத்து வராது, இங்கன வந்து உக்காருங்க."

"இங்கனயே நல்லாத்தான் இருக்கு மாமா."

அவர் முகம் மெல்ல மெல்ல மாறுவது தெரிந்தது. கமிஷன் கடைக்காரனுக்கு இவ்வளவு ராங்கியா என்று நினைத்திருப்பார். அம்மா என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இதுவும் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அவன் மேல் கோபம் வேறு வந்தது.

அந்த நேரத்தில்தான் பெண் காபியோடு வந்தாள். தென்காசியில் ஒரு லேபில் வேலை, தினமும் போய் வருகிறவள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு டம்ளரை நீட்டியவள் கீழே பார்த்தாள். மொசைக் தரையில், நாற்காலிக்கு அடியில், சின்னதாக ஒரு குளம். இன்னொரு சொட்டு விழுந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு, "அக்கா, செத்த உள்ள வாங்களேன்" என்று என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

"டவுன் பஸ்லயா வந்திய?"

"ஆமா."

"ரைட் சைடு, டிரைவருக்குப் பின்னால மூணாவது, ஜன்னல் ஓரமா?"

"அதேதான்!"

"அது சீசன் முடியுற வரைக்கும் காயாதுக்கா. அதுல மனுசர் உக்காருவாங்களா?" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். பிறகு மூலையில் இருந்த பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், அண்ணன் நாற்காலிக்குச் சரியாகப் பின்னால் வைத்து, முழு வேகத்தில் போட்டாள்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அப்பா சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "ஏட்டி, இந்தக் குளிர்ல ஃபேன் எதுக்கு?" என்றார்.

"அவுங்களுக்கு வேர்க்குதுப்பா."

அண்ணன் பல் கிட்டிக்கப் போகிற நிலையில், "ஆமா மாமா, வேர்க்குது" என்றான். அந்த வீட்டில் அவன் மறுக்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

ஃபேன் அதனால் முடிந்ததைச் செய்தது. முழுதாகக் காயவில்லை. பெண்ணின் அப்பா கடைசியாக எழுந்து, நாங்கள் பயந்துகொண்டிருந்த அந்த வாக்கியத்தைச் சொன்னார். "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்." அண்ணன் எழுந்தான். இரண்டு கையையும் கூப்பினான். கூப்பிய கையோடு, அவர்களைப் பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, வாசற்படியை எப்படியோ காலால் தேடிக் கண்டுபிடித்து, கேட் வரை போய்விட்டான். கோயிலில்கூட அவன் அப்படி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் அமுக்கிப் பார்த்துதான் உட்கார்ந்தோம். குற்றாலம் வந்ததும் அண்ணன் திடீரென்று எழுந்தான்.

"இறங்குங்க. குளிக்கப் போறோம்னுதான சொல்லிட்டு வந்தோம், குளிச்சிட்டே போவோம். அது ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்."

அந்தக் குரலைக் கேட்டு அம்மா முதல் ஆளாக இறங்கினாள். அவள் பட்டுச் சேலையோடு பையை வைத்துக்கொண்டு கரையில் நிற்க, நான் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். ஆண்கள் பக்கத்தில் அண்ணன் புது வேட்டியோடு அப்படியே அருவிக்குள் நின்றுகொண்டிருந்தான். சுற்றியிருந்தவர்கள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள், அவன் மட்டும் அசையாமல் நின்றான். முகத்தில் வழிவது எது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறான் இவன்.

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். நான் சேலை மாற்றிக்கொண்டேன். அவன் கைலிக்கு மாற மாட்டேன் என்று பிடிவாதமாக அந்த வேட்டியோடே தென்காசி பஸ்ஸில் ஏறினான். தலையிலிருந்து கால் வரை சொட்டியது. இத்தனை வருடம் நான் திட்டித் தீர்த்த அதே கோலத்தில் என் அண்ணனே ஒரு சீட்டை நனைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

மேலகரம் வருமுன் என் போன் அடித்தது. புது நம்பர்.

"அக்கா, நாந்தான். அவுங்க வேட்டி காஞ்சிட்டா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். "இல்லம்மா, குற்றாலத்துல குளிச்சிட்டு இப்பத்தான் பஸ்ல வாரோம். முன்னைக்கு இப்ப ஜாஸ்தியாத்தான் நனைஞ்சிருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்கப்பா ஒரே புகழ்ச்சி. பெரியவங்களுக்கு முதுகு காட்டாமப் போற பிள்ளைய இந்தக் காலத்துல பாக்க முடியுமான்னு கேக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல. எனக்குச் சம்மதம்னு மட்டும் சொல்லிட்டேன். நாளைக்கு அப்பா பேசுவாங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். "அவுங்கள முன்னால போயி இஞ்சின் பொட்டி பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. அங்கன நல்லா சூடா இருக்கும், தென்காசி வாரதுக்குள்ள காஞ்சிரும். உக்கார வேண்டாம்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். நம்பவில்லை போலிருக்கிறது, "மறுபடி சொல்லு" என்றான். மறுபடி சொன்னேன். இஞ்சின் பெட்டி வரை சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான்.

பஸ்ஸில் பாதி சீட் காலி. அவன் ஒருவன் மட்டும் முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இஞ்சினுக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நின்றான். கொஞ்ச நேரத்தில் வேட்டியிலிருந்து ஆவி பறந்தது. கண்டக்டர், "உள்ள சீட் கெடக்குல்லா அண்ணாச்சி, உக்காருங்க" என்றார்.

"இல்ல, நிக்கச் சொல்லிருக்காங்க" என்றான் அண்ணன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியாட்டி அவன? அமுக்கிப் பாத்து உக்காருலேன்னு பெத்தவ கத்துனேன், கேட்டானா? இவ போன்ல சொன்ன ஒத்த வார்த்தைக்கு எந்திச்சுப் போயி நிக்கான் பாரு."