பதினாறே முக்கால் அங்குலம்

1934 ஜூன் 26 — 200 டாலர்
1968 நவம்பர் 21 — 0
2026 ஜனவரி 1 — 0
2026 ஜனவரி 9 — 22 டாலர்
2026 ஜனவரி 12 — 10 டாலர் 48 சென்ட்

முதலாவது, குட்டைக்குழல் துப்பாக்கி கைமாறினால் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று வாஷிங்டன் சட்டம் போட்ட நாள். இரண்டாவது, எமில் வோன்ட்ரா தன் துப்பாக்கியைப் பதிவு செய்த நாள். அந்த ஒரு மாதம் பதிவு செய்ய வந்தவர்களிடம் கேள்வியும் இல்லை, கட்டணமும் இல்லை. மூன்றாவது, அந்த வரியை நீக்கிய நாள். கடைசி இரண்டும் எமிலின் மூத்த மகன் லீலண்ட் செய்த செலவு. நான் எழுத வந்தது லீலண்டைப் பற்றி.

அவனுக்கு எழுபத்தேழு வயது. எங்கள் ஊர் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் லாரிகளை எடை போட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிடங்கை மூடியபின் அதன் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டிலேயே தங்கிவிட்டான். தினமும் காலை ஆறேகாலுக்கு ஜோலீனின் உணவகத்துக்கு வந்து, பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒன்றும் கறுப்புக் காபியும் வாங்கிக்கொண்டு, எங்கள் மேசையின் ஓரத்தில் உட்காருவான். பேச்சைக் கேட்பான். அவன் பேசியதை நான் அதிகம் கேட்டதில்லை.

ஜனவரி 2, வெள்ளிக்கிழமை. அன்று பேச்செல்லாம் வரியைப் பற்றித்தான். ஹார்லி சிமெக் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், எதற்கும் வாஷிங்டனைத் திட்டுவார். சத்தம் அடக்கும் குழலுக்கும் குட்டைத் துப்பாக்கிக்கும் வரி போய்விட்டது, ஆகவே அவற்றைப் பதியும் அரசாங்கப் பேரேடும் போனமாதிரிதான் என்றார்.

"வரி வாங்குறதுக்குத்தான் பேரேடுன்னு முப்பத்தேழுலயே கோர்ட்டு சொல்லிருச்சு. வரியே இல்லேன்னா பேரேடு எதுக்கு? கேஸ் நடக்குது, பாத்துக்கிட்டே இரு."

நார்மா யெலினெக் எங்கள் பள்ளியில் குடிமையியல் நடத்தியவர். ஹார்லியும் அவரிடம் படித்தவர்தான்.

"நடக்குது, முடியல. மெஷின் கன்னுக்கு இன்னும் இருநூறு இருக்கு. வரிதான் போச்சு, பேரேடு அப்படியே இருக்கு. நீ அப்பவும் பாதிப் பாடத்தோடதான் வீட்டுக்கு ஓடுவே, ஹார்லி."

ஜோலீன் காபி ஊற்றிக்கொண்டே, "அவரு இன்னிக்கும் பாதி பில்லோடதான் ஓடுறாரு, டீச்சர்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். லீலண்ட் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என் கார் கதவருகே நின்று, பேரேடு போய்விட்டதா இல்லையா என்று மெதுவாகக் கேட்டான். நான் மாவட்ட நீதிமன்றத்தின் ஆவண அறையில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டான். போகவில்லை என்றேன். அப்படியானால் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனான்.

சுவரில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. 1965 குளிர்காலத்தில் அவன் தம்பி மில்ட்டன், அப்போது பதினாலு வயது, குழல்வாயில் பனி அடைத்திருப்பதைப் பார்க்காமல் சுட்டுவிட்டான். குழலின் நுனி பூப்போல விரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து விவசாயி யாரும் செய்வதைத்தான் எமிலும் செய்தார்: கெட்டுப்போன நுனியை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் அதையே வேலைக்கு எடுத்தார். மிச்சம் பதினாறே முக்கால் அங்குலம். சட்டம் கேட்பது பதினெட்டு. ஒன்றேகால் அங்குலம் குறைந்ததால் அது வேறு சாதித் துப்பாக்கியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்துத்தான் எமிலுக்கு அது தெரிந்தது. உடனே பதிவு செய்துவிட்டார்.

அந்தப் பதிவுத்தாளை லீலண்ட் பைபிளுக்குள் வைத்திருந்தான். படித்தேன். பெயர்: எமில் வோன்ட்ரா. எமில் இறந்தது 1984 அக்டோபர் 3. அதன்பின் யார் பெயருக்கும் மாற்றவில்லை. நாற்பத்தொரு வருடமாகச் செத்தவர் பெயரிலேயே கிடந்தது. அதை லீலண்ட் வைத்திருந்ததும் குற்றம்தான், அவனுக்குத் தெரியாது.

வழி இருந்தது. அப்பா இறந்தபின் நடந்த வாரிசுச் சொத்து வழக்கை மறுபடி திறந்து, லீலண்டை நிர்வாகியாக்கி, வாரிசு என்ற முறையில் பெயர் மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கு அந்த வரி எந்தக் காலத்திலும் கிடையாது. காலையில் ஹார்லியும் நார்மாவும் சண்டை போட்ட இருநூறு டாலருக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. இவனுக்கு வேண்டியது இன்னொரு வாரிசின் சம்மதக் கையெழுத்து. அதாவது மில்ட்டனுடையது.

இதைச் சொன்னதும் லீலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். 1985-இல் வங்கி அவர்களுடைய நிலத்தை ஏலம் விட்டபோது மில்ட்டன் தூர மேற்கே ஒரிகனில் மரவாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஏலத்துக்கு வரவில்லை. அக்கம்பக்கத்தார் அப்பாவின் கலப்பைக்கும் கடப்பாரைக்கும் விலை கேட்டபோது லீலண்ட் தனியாக நின்றான். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

வேறு வழியும் உண்டு, கையெழுத்து கிடைக்காவிட்டால் ஷெரீப்பிடம் ஒப்படைத்துவிடலாம் என்றேன். அவர்கள் உருக்கிவிடுவார்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"அப்ப அவனுக்கே எழுதுறேன்."

ஜனவரி 9 அன்று நீதிமன்றத்தில் மனு கொடுத்தோம். பக்கத்து ஊர் வக்கீல் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார். மில்ட்டனுக்கான கடிதம்தான் இழுத்தது. மூன்று இரவு எழுதியதாகச் சொன்னான். அவன் கொண்டுவந்த தாளில் ஏழு வரி இருந்தது: துப்பாக்கியின் எண், குழலின் நீளம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும், நோட்டரி முத்திரை எங்கே. எட்டாவது வரி ஒன்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. 2003 கிறிஸ்துமஸுக்கு மில்ட்டன் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையிலிருந்து விலாசம் எடுத்தோம். அந்த அட்டைக்கு இவன் பதில் போடவில்லை. ஜனவரி 12, பதிவுத் தபால், கையொப்ப ரசீதோடு.

அதன்பிறகு தினமும் காபி முடித்ததும் தபால் நிலையத்துக்குப் போனான். ஜோலீன் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்ன கண்ணு, காதல் கடுதாசியா?"

"என் தம்பிகிட்டேருந்து வரணும்."

என்னைத் தவிர மேசையில் இருந்தவர்கள் அவன் வாயிலிருந்து தம்பி என்ற சொல்லை அன்றுதான் கேட்டார்கள்.

பதில் பிப்ரவரி 6 அன்று வந்தது. சம்மதப் பத்திரத்தில் எல்லாம் சரியாக இருந்தது: கையெழுத்து, நோட்டரி முத்திரை, தேதி. கையெழுத்து மட்டும் மில்ட்டனுடையது அல்ல. கூட ஒரு சின்னக் கடிதம். 'திரு. வோன்ட்ரா அவர்களுக்கு' என்று தொடங்கி, கீழே 'கார்லா வோன்ட்ரா' என்று முடிந்தது. அப்பா 2023 ஆகஸ்ட் 9 அன்று காலமானார், ஒரே மகள் நான், ஆகவே நான் கையெழுத்திட்டிருக்கிறேன், இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில்: 'அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தது தெரியும். நீங்கள் உயிரோடு இருப்பது தெரியாது.'

லீலண்ட் தபால் நிலையத்தின் மேடையிலேயே அதை இரண்டு தரம் படித்தான். பின்பு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வெறுமையாக இருந்தது.

"ரெண்டரை வருஷமாச்சு" என்றான். "நான் இந்த ஜனவரியில எழுதுறேன்."

பெயர் மாற்றும் விண்ணப்பத்தை இனி அனுப்ப வேண்டாம், ஷெரீப்பிடமே கொடுத்துவிடுகிறேன் என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வற்புறுத்தவில்லை. பத்திரங்களை மட்டும் வரிசைப்படி அடுக்கி, கைரேகை அட்டையையும் வைத்து, உறையில் போட்டு அவன் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பிப்ரவரி 23, திங்கள்கிழமை, அவனே கொண்டுபோய்த் தபாலில் போட்டிருக்கிறான். ரசீதைக் காட்டினான். ஏன் மனம் மாறியது என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு நோட்டரிகிட்ட போய் நின்னிருக்காளே" என்றான்.

மார்ச் முழுதும் மேசையில் அதே வாதம். பேரேட்டை ரத்து செய்யக் கேட்ட வழக்கு ஒன்று எங்கோ தெற்கே ஒத்திவைக்கப்பட்டதாம். பேரேடு ஒழிந்தால் உனக்கும் இந்தத் தலைவலி இல்லை என்று ஹார்லி லீலண்டிடம் சொன்னார். லீலண்ட் வழக்கமாகப் பதில் சொல்வதில்லை. அன்று சொன்னான்.

"பேரேடு இல்லேன்னா நான் அவனுக்கு எழுதியே இருக்க மாட்டேன், ஹார்லி. அவன் ஒரிகன்ல இருக்கான்னே நெனச்சுக்கிட்டு நானும் போய்ச் சேந்திருப்பேன்."

அது நல்லதா கெட்டதா என்று அவன் சொல்லவில்லை. நார்மா தன் கொலாச்சியில் பாதியை அவன் தட்டில் வைத்தார். அவன் தின்றான்.

அனுமதி வந்த அன்று நானும் தபால் நிலையத்தில் இருந்தேன். உரிமையாளர் பெயர் லீலண்ட் வோன்ட்ரா. குழல் நீளம் பதினாறே முக்கால் அங்குலம். வரி இல்லை. அவன் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன், சரியாக இருந்தது. கார்லாவுக்குச் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன்.

"அவளுக்கு இது என்னத்துக்கு" என்றான். "மில்ட்டன் இதைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பான். அவன் பாக்காம விட்ட பனிக்கு இத்தனை தாளு."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிடங்கு இருக்கும் பக்கமாக நடந்தான். அன்று 2026 ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை.